பிணம் போனால் பாதை

இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத அண்ணன் வாடகைக் கார் வைத்துக்கொண்டு வந்து வாசலில் இறங்கினால் எந்தத் தங்கைக்கும் சந்தேகம் வர வேண்டும். தில்லையம்மாளுக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கலியமூர்த்தி கடலூரில் செம்மண்டலத்தில் விறகுத்தொட்டி வைத்திருப்பவன். கையில் ஆப்பிள் பொட்டலம், அக்குளில் ஹார்லிக்ஸ் பாட்டில். வாசற்படி தாண்டியதும் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான். உள்ளே அப்பா கிடந்தார். சிதம்பரத்துக்கு மகள் வீட்டில் தங்கித் தேர் பார்க்க வந்த பச்சமுத்துவுக்கு, வந்த இடத்தில் வலப்பக்கம் விழுந்துபோனது. அன்றிலிருந்து பேச்சும் இல்லை. 'ம்' என்று ஒரு முனகல், இல்லாவிட்டால் தலையசைப்பு. கழுவுவது, துடைப்பது, புரட்டிப் போடுவது, முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் தில்லை. வீட்டுக்குள் எத்தனை சாம்பிராணி போட்டாலும் அந்த நாற்றம் ஒரு மூலையில் உட்கார்ந்தே இருக்கும். அவளுக்கு அது பழகிவிட்டது.

"என்னா மச்சான், வழி தவறி வந்துட்டீங்களா?" என்றான் அவள் புருஷன் சடையப்பன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். வாயைத் திறந்தால் குத்தல்தான்.

கலியமூர்த்தி அதைக் காதில் வாங்கவில்லை. துண்டுக்குள்ளிருந்தே பேசினான். "பெத்த புள்ள குத்துக்கல்லாட்டம் நான் இருக்கறப்ப, பொண்ணு வூட்டுல அப்பா உசுரு போவலாமா தில்லை? ஊரு காறித் துப்பாதா? அவரு கட்டுன வூட்டுல அவரு கண்ணு மூடணும். கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பேச்சில் அவள் கரைந்துபோனாள். அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. "நாலு நாள் கூட இருந்து பழக்கிட்டு வந்துடறேன்" என்று சடையப்பனிடம் சொல்லிவிட்டு, அப்பா தலையை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

"ஆப்பிளு வாங்கியாந்திருக்கான்" என்றான் சடையப்பன், கார்க் கதவைச் சாத்தும்போது அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "உங்கண்ணன் கத்திரிக்கா வாங்கறதுக்கே நாலு கடை ஏறி எறங்குறவன். பாத்துக்க."

செம்மண்டலத்து வீட்டில் அப்பாவைக் கூடத்தில் படுக்க வைக்கவில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில், கொல்லைக் கதவை ஒட்டி, கயிற்றுக் கட்டில் தயாராகப் போட்டு வைத்திருந்தார்கள்.

"கூடத்துல நாத்தம் புடிச்சிக்கும் தில்லை. வர்றவங்க போறவங்க மூஞ்சி சுளிப்பாங்க" என்றாள் அண்ணி அமிர்தம். "இங்கன்னா நல்லா காத்து வரும் மாமாவுக்கு."

காற்று வந்தது உண்மைதான். கதவைத் திறந்தால் கொல்லை. கொல்லை முடிகிற இடத்தில் ஒரு முள்படல். படலுக்கு அப்பால் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு ஒரு சந்து, பின்தெரு வரைக்கும். சந்தும் அதை ஒட்டிய ஓட்டு வீடும் விருத்தாம்பாளுடையவை. புருஷன் செத்துத் தனியாக இருக்கிறவள். கொல்லைச் சுவரில் இரண்டு பச்சை மூங்கில்கள், வெட்டி அதிக நாள் ஆகாதவை, சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

"இது எதுக்கு அண்ணி?"

"ஆடி பொறந்தா அவரை போடணும்ல, பந்தலுக்கு."

தினமும் காலையில் பல் விளக்கியதும் கலியமூர்த்தி தாழ்வாரத்துக்கு வருவான். மூக்கைப் பொத்திக்கொண்டு, குனிந்து, புறங்கையால் அப்பாவின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பான். தொட்டுவிட்டுப் போய்விடுவான். பெற்ற பாசம் எங்கே போகும் என்று தில்லை நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் அவன் அடுப்படியில் அமிர்தத்திடம் சொன்னது காதில் விழுந்தது. "இன்னும் சூடாத்தான் இருக்கு. சில்லிப்பு காலுலேருந்துதான் ஏறும்பாங்க."

அண்ணனைவிட அக்கறையாக இருந்தவள் விருத்தாம்பாள். படலைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு இளநீரோடு வந்துவிடுவாள். கட்டிலண்டை உட்கார்ந்து அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள். "கஞ்சி எறங்குதா? மூச்சு ஒழுங்கா வருதா? சளி கட்டியிருக்கா பாரு" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கம்பவுண்டரைக் கூட்டிவந்து ஊசி போடச் சொன்னதும் அவள்தான். கஞ்சியில் அமிர்தம் தண்ணீரை ஊற்றி நீட்டினாலும், விருத்தாம்பாள் கிண்ணத்தில் சோறு குழைத்துக் கொண்டுவந்து ஊட்டினாள். "பாவம், நல்ல மனுஷி" என்று தில்லை அப்பாவிடமே சொன்னாள்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் கலியமூர்த்தி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "தில்லை, மஞ்சக்குப்பம் வரைக்கும் ஒரு நடை வா. வக்கீலு ஒன்னை ஒரு வார்த்தை கேக்கணுமாம்."

"என்னை எதுக்குண்ணே?"

"சின்ன வயசுல நாம அந்தச் சந்து வழியாத்தான கெடிலத்துக்குக் குளிக்கப் போவோம்? அதைச் சொன்னா போதும். வேற ஒண்ணும் வாணாம்."

வழியில் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். முன்தெருவில் விறகு வண்டிகள் நின்றால் போலீஸ்காரன் விரட்டுகிறானாம். பின்தெரு வழியாக வண்டி நேரே கொல்லைக்குள் வந்துவிட்டால் தொட்டியை இரண்டு பங்காக்கலாம். விருத்தாம்பாள் புருஷன் இருந்தவரை வண்டி போக விட்டான். அவன் செத்ததும் அவள் முள்ளைக் கட்டிவிட்டாள். கேட்டதற்கு, தான் உயிரோடு இருக்கும்வரை கிடையாது என்றுவிட்டாளாம். "கேசு போட்டு வழிய வாங்காம வுடறதில்ல" என்றான்.

வக்கீல் நடனசபாபதி ஒல்லியாக, பொடி போடுகிறவராக, எதையும் பாதி கேட்டதுமே முகத்தைச் சுளிக்கிறவராக இருந்தார். கலியமூர்த்தி நின்றுகொண்டே சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, தில்லையின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. அந்தச் சந்துல போறப்ப அந்த வூட்டுக்காரங்களைக் கேட்டுக்கிட்டுப் போவீங்களா, கேக்காமலா?"

தில்லைக்குப் பொய் வாயில் வரவில்லை. "கேட்டுக்கிட்டுத்தாங்க. படலைச் சாத்திட்டுப் போடின்னு அந்த வூட்டு அம்மா கத்துவாங்க. சாத்திட்டுத்தான் போவோம்."

அண்ணன் அவள் காலை மிதித்தான். மிதித்தது வக்கீலுக்கும் தெரிந்தது.

"முடிஞ்சுபோச்சு" என்றார் அவர். "அனுமதி கேட்டு நடந்த வழி, நூறு வருஷம் நடந்தாலும் அனுமதிதான், உரிமை ஆவாது. கேக்காம, ஒளிக்காம, தடங்கல் இல்லாம இருபது வருஷம் நடந்திருக்கணும். சரி, வேற போக்கே இல்ல, அடைபட்டுக் கெடக்கோம்னாவது சொல்லலாம்னா, உனக்கு முன்னால தெரு இருக்கு. வண்டி நிக்க எடஞ்சல், அவ்வளவுதான். எடஞ்சலுக்கெல்லாம் கோர்ட்டு வழி குடுக்காது."

"பிராது போட்டுப் பாக்கலாம்ங்க. மெரண்டு போயி குடுத்துடுவா. பொம்பளதான?"

"மெரளலைன்னா? ஸ்டாம்பு, கமிஷன், வாய்தா, அப்பீலு. ஜெயிச்சா உனக்கு ஒரு வண்டித் தடம். தோத்தா அந்தம்மா செலவையும் நீ குடுக்கணும். பத்து வருஷம் ரெண்டு வூடும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுக் கெடக்கணும். இது போடக்கூடிய கேசு இல்ல. போயி அந்தம்மாகிட்ட நல்ல வார்த்தை பேசு. மனசு எறங்கினா எழுதி வாங்கிக்க."

கலியமூர்த்தி நகரவில்லை. துண்டை முறுக்கினான். "ஐயா, பொணம் போயிருந்தா?"

"என்னது?"

"எங்க பக்கம் வழக்கம்ங்க. பொணம் போனா பாதை. ஒரு தடவை ஒரு எடத்துல பொணம் போயிட்டா, அப்பறம் அந்த எடத்தை எந்த ராசாவாலயும் மறிக்க முடியாது. அதுக்குத்தான் அவனவன் தன் நெலத்துல பாடையை வுடமாட்டான்."

"சட்டத்துல அப்படி ஒரு வரி கெடையாது. ஊருல சொல்லிக்கிறதுதான்" என்று வக்கீல் பொடி டப்பாவைத் தட்டினார். "இருக்கட்டும். யாரு பொணம் போச்சு அந்தச் சந்துல?"

"இன்னும் போவலீங்க."

பொடி எடுத்த விரல் மூக்குக்குப் போகாமல் பாதியில் நின்றது. அவர் கலியமூர்த்தியைப் பார்த்தார். பிறகு தில்லையைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கிற்று. ஆப்பிள். வாடகைக் கார். கொல்லைக் கதவை ஒட்டிய கட்டில். அவரைப் பந்தலுக்கு வெட்டின பச்சை மூங்கில். புறங்கையால் தொட்டுப் பார்த்த உள்ளங்கால்.

"எழுந்து போய்யா" என்றார் வக்கீல்.

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன் ஐயா. பீசு…"

"உன் பீசும் வேணாம். போ."

அண்ணன் வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தில்லை கதவோரம் தயங்கினாள். அந்நிய ஆண்பிள்ளையிடம் தானாக ஒரு வார்த்தை பேசியறியாதவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஐயா, அப்பாவை என்கூட வெச்சிக்கிறதுக்கு நான் கேசு போடலாமா?"

வக்கீலின் முகம் கொஞ்சம் இளகியது. "போடலாம்மா. ஆனா நீ பிராது எழுதி, அதுக்கு நம்பராவி, சம்மன் போயி, உங்கண்ணன் வாய்தா வாங்கறதுக்குள்ள உங்கப்பா இருக்கமாட்டாரு. கோர்ட்டுக்கு எவ்வளவு நாளு வேணும்னாலும் இருக்கு, அவருக்கு இல்ல. அவருக்கு நெனைப்பு இருக்குதா?"

"இருக்குதுங்க. கேட்டா தலையாட்டுவாரு."

"அப்ப கோர்ட்டு எதுக்கு? அவரு வரேன்னு தலையாட்டினா கூட்டிக்கிட்டுப் போ. உங்கண்ணன் தடுக்கச் சட்டம் எடம் குடுக்காது. அவனா தடுத்தா அது வேற."

திரும்பும் வழியில் கலியமூர்த்தி அவளை ஓட்டலுக்கு இழுத்துப்போனான். தனக்குப் பூரி சொன்னான். உப்பிய பூரியை விரலால் குத்தி, கிழங்கைத் துடைத்து எடுத்து, உதட்டில் எண்ணெய் மினுங்கத் தின்றான்.

"படிச்சவன் புஸ்தகத்தைப் பாப்பான். நெலத்தைப் பாக்க மாட்டான். இவனுக்கு என்னா தெரியும் நம்ம வழக்கம்? பொணம் போன பொறவு அவளே வாயைப் பொத்திக்குவா பாரு."

"அண்ணே, அப்பா சாவணும்னு காத்துக்கிட்டு இருக்கியா?"

"நானா கொல்றேன்? போற உசுரு போவத்தான் போவுது." ஏப்பம் விட்டான். "போறவரு பெத்த புள்ளைக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போவட்டுமே. நீ என்னா சாப்புடுற? தோசை சொல்லட்டா?"

அவள் எழுந்து ஓட்டல் வாசலுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பாவை சிதம்பரத்துக்கே கொண்டுபோகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். "தூக்கிப் பாரு" என்றான் கலியமூர்த்தி. "முன்னால தொட்டியில விறகு பொளக்கிறவன் அத்தினி பேரு கையிலயும் கோடாலி இருக்கு. அவனுங்களைத் தாண்டித் தூக்கிட்டுப் போறவன் எவன்னு பாக்கறேன்."

படலண்டை விருத்தாம்பாள் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. தில்லையைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"பொண்ணே, உங்கப்பாவைக் கூட்டிட்டுப் போயிடு. முன்னால வழியில்லைன்னா பின்னால வா. படலை நான் தொறந்து வுடறேன். உசுரோட போறவருக்கு என் சந்துல தடையே இல்ல. பொணமாத்தான் போவக்கூடாது." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "அவரு இருக்கறவரைக்கும்தான் இந்தச் சந்து என்னுது. அதான் கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்துக்கறேன். இளநியும் சோறும் சும்மாவா குடுத்தேன்?"

ஒளிக்காமல், விகல்பமில்லாமல், நல்ல காரியம் செய்தவள் மாதிரி சொன்னாள். தில்லைக்கு அவள் ஊட்டிய குழைசோறு ஞாபகத்துக்கு வந்தது. அப்பா அதைக் கண்ணில் நீர் கட்ட, ஆசையாக வாங்கித் தின்றார். ஒருத்தன் சாவுக்காகக் காலைத் தொட்டான். ஒருத்தி சந்துக்காகச் சோறு ஊட்டினாள். நடுவில் கிடந்த மனுஷனை மனுஷனாக எவரும் பார்க்கவில்லை. அந்தக் கொல்லையில் நிற்கவே அவளுக்குக் காலெல்லாம் கூசிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. தில்லை கிணற்றடியில் அப்பாவின் துணிகளை அலசிவிட்டு வந்தாள். தாழ்வாரத்தில் அமிர்தம் அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கலியமூர்த்தி அவர் தாடையை ஒரு கையால் நெரித்துத் திறந்து, டம்ளரிலிருந்து எதையோ ஊற்றிக்கொண்டிருந்தான். கலங்கலாக, செம்மண் நிறத்தில் வாயோரம் வழிந்தது.

"என்னாண்ணே அது?"

"மண்ணு." அவன் நிறுத்தவில்லை. "நெலத்து மேல ஆசை வெச்சிருந்தா உசுரு போவாம இழுத்துக்கிட்டுக் கெடக்கும். மண்ணைக் கரைச்சு ஊத்துனா அடங்கிடும். எல்லாரும் பண்றதுதான்."

"அவருக்கு எந்த நெலம் இருக்கு ஆசை வைக்க? இது எந்த நெலத்து மண்ணு?"

கலியமூர்த்தி டம்ளரை இன்னும் சாய்த்தான். அமிர்தம்தான் வெகுளியாகச் சொன்னாள். "சந்து மண்ணுதான் தில்லை. படலுக்கு அடியில கைய வுட்டு எடுத்தாரு. காரியம் அந்த மண்ணுலதான நிக்குது?"

தில்லை பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டாள். அண்ணனை அவள் வாழ்நாளில் தொட்டுத் தள்ளியதில்லை. அன்று தள்ளினாள். அவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தொட்டிக்குப் போனான். அமிர்தம் உருண்ட டம்ளரை எடுத்துக்கொண்டு, "நல்லதுக்குத்தான பண்ணோம்" என்று முணுமுணுத்தபடி, கூடையோடு சந்தைக்குக் கிளம்பினாள்.

அப்பாவைப் பக்கவாட்டில் திருப்பி, விரலை உள்ளே விட்டுத் துழாவினாள் தில்லை. ஈறெல்லாம் மண். கடைவாயில் ஒரு வைக்கோல் துணுக்கு. ஆட்டுப் புழுக்கை கரைந்த நாற்றம். இரண்டு வருஷமாக அவருடைய மலத்தையும் சீழையும் கையால் அள்ளியவள், ஒரு நாளும் குமட்டவில்லை. இப்போது குமட்டிக்கொண்டு வந்தது. அப்பா பல்லில்லாத ஈறால் அவள் விரலைக் கவ்விக்கொண்டார். விடவில்லை. கண் அவளையே பார்த்தது.

"சிதம்பரம் போவலாமாப்பா?"

"ம்" என்றார். தலையையும் அசைத்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை அசைத்தார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சடையப்பன். "நாலு நாளுன்னு சொல்லிட்டு இங்கயே குடும்பம் நடத்துறியான்னு கேக்க வந்தேன்" என்று ஆரம்பித்தவன், அவள் விரலையும் தரையில் சிந்திக் கிடந்ததையும் பார்த்து நிறுத்திவிட்டான். அவள் சொல்லி முடித்தபோது அவன் வாயில் குத்தல் ஒன்றும் வரவில்லை. காறித் துப்பினான். "அழுக்குப் பசங்க" என்றான். "பின்தெருவுல காரு கொண்டாந்து நிறுத்துறேன். தயாரா இரு."

அமிர்தம் சந்தையிலிருந்து திரும்பவில்லை. முன்னால் தொட்டியில் கோடாலி விழும் சத்தம் டொக்கு டொக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அது நிற்காதவரை அண்ணன் அங்கேதான் இருக்கிறான் என்று அர்த்தம். சடையப்பனும் கார் டிரைவரும் கொல்லை வழியாக வந்தார்கள். விருத்தாம்பாள் முள்ளை ஒதுக்கிப் படலை அகலத் திறந்துவிட்டிருந்தாள்.

"தலை முன்னால போவட்டும்" என்றாள் அவள். "பொணந்தான் கால் முன்னால போவும். திருப்புங்க, திருப்புங்க."

கட்டிலைத் திருப்பினார்கள். தலைமாட்டை ஆண்கள் இருவரும் பிடித்து முன்னே நடந்தார்கள். கால்மாட்டில் கட்டிலின் ஒரு காலைத் தில்லையும், மறு காலை விருத்தாம்பாளும் பிடித்தார்கள். பெண்பிள்ளைகள் தோள் கொடுக்கிற வழக்கம் இல்லை. இது பாடையும் இல்லை. ஆனாலும் நாலு பேர், நாலு மூலை, நடுவில் போர்த்திய உடம்பு. சந்தில் காலை வைத்ததுமே விருத்தாம்பாள் கேட்டாள்.

"உசுரு இருக்குல்ல?"

"இருக்கு பெரியம்மா. நடங்க."

பாதிச் சந்து. வேலியோரம் ஆடு ஒன்று நின்று பார்த்தது. அப்பாவின் கால் தில்லையின் மணிக்கட்டில் உரசிக்கொண்டே வந்தது. அவர் முகம் அவள் பக்கம் பார்த்துக் கிடந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார். வாய் எதையோ சொல்ல வருவதுபோல் திறந்தது. ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். அது வெளியே வரவில்லை.

அவள் அடுத்த மூச்சுக்காகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வரவில்லை. சுருங்கிய கண் மெதுவாகத் தளர்ந்து, பாதி திறந்தபடியே நின்றது. மணிக்கட்டில் உரசிய கால் பக்கவாட்டில் சாய்ந்தது.

"இருக்குல்ல தில்லை?"

பின்தெரு இன்னும் வரவில்லை. அவள் மிதித்த மண் விருத்தாம்பாளுடையது, பாதையாக வேண்டும் என்று அண்ணன் காத்திருந்த மண். இங்கே அவள் வாயிலிருந்து ஒரு விம்மல் வந்தால் போதும். அண்ணன் கோடாலியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அப்பா எனக்கு வழி விட்டுட்டுப் போயிட்டார் என்று மார்தட்டுவான். விருத்தாம்பாள் கட்டிலை நடுச்சந்தில் போட்டுவிட்டு, தூக்கிட்டுத் திரும்பிப் போ என்று அலறுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா வெயிலில் கிடப்பார்.

"இருக்கு" என்றாள் தில்லை. "அப்பா, வெயிலு மூஞ்சில அடிக்குதா? இந்தா, இன்னும் கொஞ்சந்தான்" என்று பேசிக்கொண்டே நடந்தாள். "சிதம்பரம் போனதும் மொளகு ரசம் வெச்சித் தரேன். நல்லா கொழையக் கொழைய சோறு. என்னாப்பா, சரியா?"

காரண்டை வந்ததும் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்து, கழுத்துவரை போர்த்தி, கண்ணை மூடினாள். தூங்குகிறவரைப்போல் இருந்தார். டிரைவர் நாற்றத்துக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். பிணம் என்று தெரிந்தால் வண்டியை எடுக்கவே மாட்டான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர் ஊராகப் பின்னால் போயிற்று. அவள் பேசிக்கொண்டே வந்தாள். சின்ன வயதில் கெடிலத்தில் அவர் நீச்சல் சொல்லிக் கொடுத்தது, அவர் வாங்கித் தந்த பாவாடை, வாயில் வந்ததெல்லாம். வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் சடையப்பன் முன்சீட்டிலிருந்து திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். திரும்பிக்கொண்டான். சற்று நேரம் கழித்து டிரைவரிடம், "கொஞ்சம் வேகமாப் போப்பா" என்றான்.

வீட்டில் பாயில் கிடத்தி, பால் காய்ச்சி, அவர் உதட்டில் ஒரு கரண்டி விட்டாள். வழிந்து கழுத்துக்குப் போயிற்று. துடைத்தாள். அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். தெருப் பெண்கள் ஓடிவந்தார்கள்.

"போயிட்டாரா? எப்ப?"

"இப்பத்தான்" என்றாள்.

கலியமூர்த்தி இருட்டுவதற்குள் வந்துவிட்டான். வாசலிலேயே மாரடித்துக்கொண்டு நுழைந்து, அப்பாவின்மேல் விழுந்து புரண்டான். பார்த்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். அழுகையின் நடுவிலேயே அவள் காதண்டை வாய் வந்தது. பூரிக் கிழங்கு வாடை இன்னமும் அடிப்பதுபோல் அவளுக்கு இருந்தது.

"எங்கடி போச்சு உசுரு? சந்துலயா?"

"இந்த வூட்டுல. பால் ஊத்தினேன். குடிச்சிட்டுத்தான் போனாரு."

"காமாட்சியம்மன் மேல சத்தியமா?"

"சத்தியமா."

எழுந்து மூக்கைச் சிந்தினான். கண்ணீர் குழாயை மூடினாற்போல் நின்றுவிட்டது. மூத்த பிள்ளை நான், செம்மண்டலத்து வீட்டிலிருந்துதான் பாடை கிளம்ப வேண்டும், பிணத்தை எடுத்துப் போகிறேன் என்று தெருவில் நின்று சத்தம் போட்டான். தெருவில் இருந்த பெரியவர்கள் சிரிக்காத குறைதான். "வெளியூருல செத்த பொணத்தை எவனாவது ஊருக்குள்ள கொண்டு போவானா? ஒங்க தெருவே வுடாது. எந்தக் காரும் ஏத்தாது. கொள்ளி வெக்கத்தான வந்தே, இங்கயே வையி." அதற்கப்புறம் அவன் அப்பாவின் பக்கமே போகவில்லை. சுடுகாட்டுக்குப் போய்வந்து, குளித்து, இலையில் உட்கார்ந்து, ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

கருமாதிக்கு விருத்தாம்பாள் பஸ் பிடித்து வந்திருந்தாள். பூசணிக்காய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தில்லையைத் தனியே கொல்லைப் பக்கம் இழுத்துப்போனாள்.

"அன்னிக்குச் சந்துல பாதி வழியில எங்கையில திடீர்னு ஒரு கனம் ஏறுச்சு பொண்ணே. அதுலேருந்து தூக்கமே இல்ல. நெஞ்சைத் தொட்டுச் சொல்லு, எங்க போச்சு?"

தில்லை அவள் கண்ணைப் பார்த்தாள். அப்பாவைப் பற்றி ஒரு துளி கூட அந்தக் கண்ணில் இல்லை.

"ஆலப்பாக்கத்துல கண்ணைத் தொறந்து பாத்தாரு பெரியம்மா. இங்க வந்து பால் குடிச்சாரு."

"அப்பாடி" என்று விருத்தாம்பாள் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தாள். "மவராசி. வயித்துல பால வார்த்தே. நாளைக்கே கொத்தனாரை வுட்டுச் சுவரு எழுப்பிடறேன். இனிமே படலு காவந்து ஆவாது. உங்கண்ணன் என்னா பண்ணியிருக்கான் தெரியுமா? அமிர்தத்தோட அம்மா இல்ல, இழுப்புக்காரி, அதைக் கூட்டியாந்து அதே கட்டில்ல, அதே எடத்துல போட்டு வெச்சிருக்கான். அந்தப் பச்ச மூங்கிலு இன்னும் அங்கதான் சாஞ்சிருக்கு." பெருமூச்சு விட்டாள். "சுவரு எழும்புற வரைக்கும் அந்தக் கெழவிக்கு வேற நான் கஞ்சி ஊத்தணும்."

உள்ளே இலை போட்டுவிட்டார்கள். விருத்தாம்பாளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் வேகமாகப் போனாள்.

தில்லை கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைத்தாள். விருத்தாம்பாள் தொட்ட கன்னத்தை முதலில் கழுவினாள். அப்புறம் வாய் கொப்புளித்தாள். துப்பிவிட்டு நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தாள். நெருநெருவென்று இன்னும் மண் ஒட்டியிருந்த மாதிரியே இருந்தது. இன்னொரு தடவை இறைத்துக் கொப்புளித்தாள். உள்ளேயிருந்து சடையப்பன், "இலை காயுது, வரலையா?" என்று குரல் கொடுத்தான். "நீங்க சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு, வாளியை மறுபடி கிணற்றுக்குள் விட்டாள்.